ரஞ்சிதபாயின் கையில் நின்ற சமாதானம்

தோத்திரபுரத்துக் கோயிலில், அறுப்பின் பண்டிகைக்கு முந்திய மாதத்து நற்கருணை ஆராதனையில், சபைப் போதகரான ஐயரவர்கள் பீடத்திலிருந்து இறக்கி அனுப்பிய சமாதானம் கைமாறிக் கைமாறி வடக்குப் பக்கத்து வரிசைகளையெல்லாம் கடந்து வந்து, முன் பெஞ்சின் நடுவில் வெள்ளைச் சேலையும் விறைத்த முதுகுமாக உட்கார்ந்திருந்த ரஞ்சிதபாயின் கூப்பிய கைகளுக்குள் புகுந்து, அங்கேயே நின்றுவிட்டது.

அந்த ஊரில் சமாதானத்தைத் தலையை ஆட்டிக் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் கிடையாது. ஐயர் முதல் ஆளின் கைகளைத் தம் உள்ளங்கைகளுக்குள் பொத்தி, "சமாதானம் உங்களோடிருப்பதாக" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். வாங்கினவர் பக்கத்து ஆளுக்கு அதே மாதிரி பொத்திக் கொடுக்க வேண்டும். அது வடக்கு வாசலில் தொடங்கித் தெற்கு வாசலில் போய் முடியும். வடக்குத் தெருக்காரர்கள் வடக்குப் பாதியிலும் தெற்குத் தெருக்காரர்கள் தெற்குப் பாதியிலும் உட்காருவார்கள். இரண்டு தெருவும் தோளோடு தோள் உரசுகிற இடம் முன் பெஞ்சின் நடு மட்டும்தான், அந்த நடுவில் இந்தப் பக்கம் ரஞ்சிதபாய், அந்தப் பக்கம் தங்கபுஷ்பம்.

இருவரும் ஓர்ப்படியாள்கள், அண்ணனைக் கட்டினவளும் தம்பியைக் கட்டினவளும். பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆயிற்று. பேசாவிட்டால் தள்ளி உட்காரலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், தோத்திரபுரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் முதலில் எழுந்து இடம் மாறினவள் தோற்றவள் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே வாராவாரம் இருவரும் ஒரே பாட்டை ஒரே சுருதியில் பாடினார்கள், ஒரே காற்றாடியின் கீழ் வியர்த்தார்கள், சமாதானம் வருகிற நேரத்தில் மட்டும் ரஞ்சிதபாய் பின்னால் திரும்பிப் பின் பெஞ்சுக்காரிக்குக் கொடுத்துவிடுவாள், அது அப்படியே சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போய்ச் சேரும். ஐயருக்குத் தெரியும், ஐயரம்மாவுக்கும் தெரியும், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அன்றைக்கும் ரஞ்சிதபாய் திரும்பத்தான் செய்தாள். ஆனால் கை பிரியவில்லை. உள்ளே ஏதோ இருந்தது, இப்போதுதான் இட்டுவிட்டுக் கோழி இறங்கிப்போன முட்டையின் சூடு அதற்கு. பின் பெஞ்சுக்காரி வாங்கிப் பார்த்தாள், வரவில்லை. ஐயரே இறங்கி வந்து தம் கைகளை மேலே வைத்துப் பார்த்தார், அது அசையவில்லை. நற்கருணை அப்பத்தை ரஞ்சிதபாய் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு, கூப்பிய கையோடேயே வீட்டுக்கு நடந்துபோனாள்.

முதலில் சுளுக்கு என்றுதான் நினைத்தார்கள். புன்னைக்காய் எண்ணெய் தேய்த்தார்கள், உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றடம் கொடுத்தார்கள். சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறேன் என்று பிடித்தவள், பிடித்தபடியே சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "நோக்காடு ஒண்ணுமில்ல, எனக்குத்தான் காலையில இருந்து இருந்த தலைவலி போயிட்டு" என்று சொல்லி எழுந்து போனாள். அதற்குப் பிறகு சுளுக்கு என்ற பேச்சே எழவில்லை. பல் முளைக்கிற பிள்ளைகளை மடியில் கொண்டுவந்து போட்டார்கள், அந்தக் கைகளின் பக்கத்தில் கிடந்ததும் அவை உறங்கின. வாய்க்கால் தண்ணீருக்காக மண்வெட்டியோடு நின்ற இருவர் அவள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றதும் ஒருவனை ஒருவன் சாப்பிட்டாயா என்று விசாரித்தார்கள்.

பெண்கள் ஐக்கிய சங்கம் கூடிப் பேசி முறை வைத்துக்கொண்டது. காலையில் ஒருத்தி வந்து பல் தேய்த்துவிடுவாள், ஒருத்தி குளிப்பாட்டுவாள், ஒருத்தி சோறு ஊட்டுவாள். தலை பின்னுகிற வேலையை மட்டும் புருஷன் வேதமாணிக்கம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஓலைவேலி கட்டிப் பழகின மனுஷன், பின்னலையும் அதே முடிச்சாகப் போட்டு இழுத்து இறுக்கியதில் ரஞ்சிதபாயின் புருவம் இரண்டும் எந்நேரமும் உயர்ந்தே நின்றன, அது அவளுடைய கம்பீரத்தைக் கூட்டிக் காட்டியது.

அது என்ன என்பதில்தான் ஊரில் பேச்சு நீண்டது. கோயில் பூவரச மரத்தடியில் உபதேசியார் ஞானசிகாமணி, "கேளாம வந்துது, விலை குடுக்காம வந்துது, அப்போ கிருபைதான்" என்றார். ஓய்வுபெற்ற தாசில்தார் சாலொமோன் ஒப்பவில்லை. "கண்ணால ஒருத்தனும் பாக்கல. இருக்குன்னு ஊரே நம்பி முறை வச்சுச் சோறு ஊட்டுது. இது விசுவாசம்." சோறு ஊட்டப் போய்வந்த ஒருத்தி, "ஊட்டுறது எங்களுக்குச் சுளுவா இருக்கு, வாயத் தெறந்து வாங்குறது அவுகளுக்குத்தான் கஷ்டமா இருக்கு, தாழ்மைன்னு ஒண்ணு சொல்லுவாவளே, அது இதுதானோ" என்று கேட்டாள். சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த வார்த்தைகளை அந்த ஊர் முதல் முறையாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கடைசியில் ஐயர் வந்து, நான் பீடத்திலிருந்து அனுப்பியது சமாதானம், நடுவழியில் அது வேறொன்றாக மாறியிருக்க முடியாது என்று தீர்த்துச் சொன்னார்.

அவ்வளவுதான், தோத்திரபுரத்துக்குத் தலை கால் புரியவில்லை. பக்கத்து ஆனந்தவிளைக் கோயிலுக்கு ஊசிக்கோபுரம் உண்டு, வெளிநாட்டு மணி உண்டு, ஆர்மோனியத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கீபோர்டு வாங்கினதும் அவர்கள்தான் முதலில். ஆனால் சமாதானம் அங்கே தங்கியதா? இங்கேதானே தங்கியது! பேருந்து நிறுத்தத்தில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள். 'சமாதானம் தங்கிய ஊர் தோத்திரபுரம் உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று எழுதி, நடுவில் ரஞ்சிதபாய் கைகூப்பி நிற்கிற படம் போட்டார்கள். தேர்தலுக்கு நிற்கிறாள் போலிருக்கிறது என்று வழிப்போக்கர்கள் நினைத்துக்கொண்டார்கள். வேன் பிடித்து ஜனங்கள் வந்தார்கள், ஆனந்தவிளைக்காரர்களும் வந்தார்கள், வந்தவர்களுக்குச் சுக்குக்காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

ரஞ்சிதபாய்க்கு அந்த நாட்களில் மனசு பூரித்துக் கிடந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவள் அதற்கு முன்னும் தலை குனிந்து நடந்தவள் இல்லை, இப்போது நடை இன்னும் நிமிர்ந்தது. ஏன் தன் கையில் நின்றது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நியாயம் யார் பக்கம் என்று ஆண்டவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியட்டும் என்று நிறுத்திவைத்திருக்கிறார்.

நியாயம் அவள் பக்கம்தான், அதை ஊரும் ஒப்புக்கொண்டிருந்தது. அவளுடைய மகள் பெனினாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகப்போகிற சமயத்தில், மாப்பிள்ளை வீட்டார் கோயில் வாசலில் தங்கபுஷ்பத்தைத் தனியாக நிறுத்தி, பெண்ணுக்கு ஏதும் சுகக்கேடு உண்டா என்று கேட்டார்கள். சின்ன வயதில் நாலைந்து தரம் வலிப்பு வந்தது, இப்போது இல்லை என்று அவள் சொன்னாள். சொன்னது அத்தனையும் உண்மை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டாவது பாதியைக் காதில் வாங்காமல் போய்விட்டார்கள். பெனினா தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்ததை ரஞ்சிதபாய் வாசற்படியில் நின்று பார்த்தாள். அன்று அவள் தெரு நடுவில் நின்று, தங்கபுஷ்பத்தின் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட இனி என் தொண்டையில் இறங்காது என்று சத்தமாகச் சொன்னாள். வேறொரு நல்ல இடத்தில் பெனினாவுக்குக் கல்யாணமாகி, ஓசூரில் பிள்ளைகுட்டியோடு அவள் நன்றாக இருப்பது வேறு விஷயம்.

ஊரின் பெருமை பாதி ஊரின் பெருமைதான் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. வடக்குத் தெருவில் கைகளின் சூடு வீட்டுக்கு வீடு பரவியிருந்தது, நாய்கூடக் குரல் தாழ்த்திக் குரைத்தது. தெற்குத் தெருவுக்குத்தான் ஒன்றும் வந்து சேரவில்லையே! அங்கே உறை ஊற்றின பால் உறையாமல் கிடந்தது. முருங்கை மரம் யாருடையது என்று அண்ணன் தம்பிகள் கம்பெடுத்தார்கள். ஆட்கள் கண்ணை மூடினால் உறக்கம் பிடிக்காமல், விடிந்ததும் சிவந்த கண்ணோடு ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். நாலைந்து பேர் கிளம்பி வடக்குத் தெருவுக்கு வந்து ரஞ்சிதபாயின் முற்றத்தில் நின்றார்கள். அங்கே நிற்கும்வரை நன்றாயிருந்தது, தெரு தாண்டியதும் மறுபடி பழைய கதைதான்.

"எங்களுக்கும் கொஞ்சம் குடுங்கம்மா" என்று கேட்டார்கள்.

"நானா பிடிச்சு வச்சிருக்கேன்? வந்து எடுத்துக்கிடுங்க" என்றாள் ரஞ்சிதபாய்.

எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் கைக்கும் வரவில்லை. தங்கபுஷ்பத்தின் இடத்தில் வேறொருத்தியை உட்காரவைத்துப் பார்த்தார்கள், அதற்கும் வரவில்லை. அது வரிசை தெரிந்த சமாதானம், அடுத்த ஆள் யாரோ அந்த ஆளுக்குத்தான் போகும் என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. யாரும் அதை ரஞ்சிதபாயின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. தங்கபுஷ்பமும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. உண்மையைச் சொன்னதற்கு நான் ஏன் போய் நிற்க வேண்டும் என்று அவள் புருஷனிடம் கேட்டதாக ஊரில் பேச்சு.

நாளாக ஆக, கைக்குள் இருந்தது கனக்கத் தொடங்கியது. முதலில் முட்டைக்கனம் இருந்தது, பிறகு தேங்காய்க்கனம், அறுப்பின் பண்டிகை நெருங்க நெருங்க ஆட்டுக்கல்லின் கனம். தோள்பட்டை இரவும் பகலும் கடுத்தது. ஊட்டிவிடுகிறவர்களிடம் ரஞ்சிதபாய் அதைச் சொல்லவில்லை. ஃபிளெக்ஸில் சிரித்துக்கொண்டு நிற்கிறவள் கை வலிக்கிறது என்று எப்படிச் சொல்லுவாள்?

அப்போது ஓசூரிலிருந்து பெனினா பேசினாள். வேதமாணிக்கம் போனை மனைவியின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"யம்மா, சித்திக்குக் குடுத்துட்டு வேலையப் பாரேன். இன்னும் எத்தன நாள் இப்படி இருப்ப?"

"உனக்கென்ன தெரியும்? அவ பண்ணின காரியத்த நீ மறக்கலாம். நான் பெத்தவ, நான் மறக்க மாட்டேன்."

மறுமுனையில் பெனினா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் சித்திகூடப் பேசிட்டுத்தான் இருக்கேம்மா. மூத்தவன் பொறந்ததுல இருந்து பேசுதோம். அவுகதான் முதல்ல கூப்பிட்டு அழுதாவ. உனக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவன்னு சொல்லல."

ரஞ்சிதபாய், போனை எடுத்துவிடுங்கள் என்று கண்ணைக் காட்டினாள். யாருக்காகக் கோபத்தை இத்தனை வருஷம் அடை காத்தாளோ, அவளே என்றைக்கோ இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அப்படியானால் இந்தக் கோபம் இப்போது யாருடையது? அதை நினைக்க நினைக்க அவளுக்கு அவமானமாக இருந்தது, அந்த அவமானத்தால் கோபம் இன்னும் கூடியது, கை இன்னும் கனத்தது.

அசனத்து நாள் வந்தது. அறுப்பின் பண்டிகை முடிந்து ஊரே ஒன்றாக உட்கார்ந்து உண்ணுகிற நாள் அது. மரக்கட்டை அடுப்புகளில் கொப்பரை கொப்பரையாகச் சோறு பொங்கி, கறிக்குழம்பு காய்ச்சி, பனையோலைப் பெட்டியில் சோற்றை அள்ளிக்கொண்டுவந்து விளம்புவார்கள். பணக்காரன் ஏழை என்று பார்க்காமல், வந்தவன் போனவன் என்று பார்க்காமல், நிறுத்தத்தில் நிற்கிற பேருந்தின் டிரைவரையும் கண்டக்டரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைப்பார்கள். தோத்திரபுரத்தில் இதற்கு ஒரு கட்டும் உண்டு. ஜெபம் முடிந்தபின் ஒரு இலை தொடப்படாமல் கிடந்தால் அந்தப் பந்தியில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஒரு இலை மிச்சம் விழுந்தாலும் அது அசனம் இல்லை, வெறும் சாப்பாடுதான் என்று அவர்கள் சொல்லுவார்கள்.

அன்று எல்லாருக்கும் வேலை. வேதமாணிக்கம் கொப்பரையடியில் நின்றார். சங்கத்துப் பெண்கள் தேங்காய் அரைப்பதிலும் தண்ணீர் சுமப்பதிலும் ஓடினார்கள். ஊட்டுவதற்கு இன்னொருத்தி போயிருப்பாள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டாள். ரஞ்சிதபாய் பந்தியின் நடுவில் இலையின் முன்னால் கூப்பிய கையோடு உட்கார்ந்திருந்தாள். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, ஐயர் ஜெபித்து முடித்தார். நூற்றுக்கணக்கான கைகள் சோற்றில் இறங்கின. அவள் இலை அப்படியே இருந்தது.

யாராவது வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்துப் பேர் ஓடிவந்திருப்பார்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் சொல்லவில்லை. பசிக்காதவள் போல எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்திருக்கப் பார்த்து, அந்த இலையைக் கண்டு மறுபடி உட்கார்ந்தார்கள். பேச்சு வரிசை வரிசையாக அடங்கியது. அடுப்புச் சாம்பலை இழுக்கிற ஓசை மட்டும் கேட்டது.

அசன வேலைக்கென்று வீட்டைவிட்டு வந்து, தெற்குப் பக்கத்திலிருந்து சோற்றுப் பெட்டியோடு விளம்பிக்கொண்டு வந்த தங்கபுஷ்பம் அந்த இலைக்கு நேரே வந்ததும் நின்றாள். பெட்டியைக் கீழே வைத்தாள். குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினாள். பிறகு சம்மணம் போட்டு ரஞ்சிதபாயின் எதிரே உட்கார்ந்து, சோற்றைக் குழம்போடு பிசைந்து, எலும்பைத் தள்ளிக் கறியை மட்டும் வைத்து ஒரு உருண்டை உருட்டி, வாயருகே நீட்டினாள்.

"வாயத் தெறங்கக்கா."

ரஞ்சிதபாய் உதட்டை இறுக்கிக்கொண்டாள். நீட்டின கை நீட்டினபடியே நின்றது. குழம்பு முழங்கை வரைக்கும் வழிந்தது.

"கேட்டாவ, பொய் சொல்ல நாக்கு எழும்பல. உண்மையச் சொன்னவன்னு இத்தன வருசமும் நெஞ்ச நிமித்திக்கிட்டுத்தான் திரிஞ்சேன்" என்றாள் தங்கபுஷ்பம். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது, அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "ஆனா அவுக கேட்ட அன்னைக்கே ஓடிவந்து உங்க காதுல போட்டிருக்கணும். இப்படிக் கேட்டுட்டாவ, நான் இப்படிச் சொல்லிட்டேன்னு. வரல. பயந்துட்டு வரல. அதுக்கப்புறம் ரோஷத்துல வரல. பிள்ள அழுதுதே, அதுல எனக்கும் பங்கு இருக்குக்கா."

இத்தனை வருஷமாக ரஞ்சிதபாய் ஒரு பதிலை மனசுக்குள் தீட்டித் தீட்டி வைத்திருந்தாள். குளிக்கும்போது, கோழிக்குத் தீவனம் போடும்போது, பிரசங்கத்தின் நடுவில்கூட அதைக் கூர் பார்த்திருந்தாள். இப்போது அதை எடுத்து வீசிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். மூன்று பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி வளர்த்த தங்கபுஷ்பம் அந்த நொடியைத் தவறவிடவில்லை. உருண்டை உள்ளே போய்விட்டது.

துப்பலாம். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ரஞ்சிதபாய் ஒரு நிமிஷம் வாயை அசைக்காமல் வைத்திருந்தாள், பிறகு மெல்ல மென்றாள். மென்று கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் விழுங்கியது தொண்டையில் இறங்குவது வெளியே தெரிந்தது.

"காரம்" என்றாள்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு தங்கபுஷ்பத்தோடு அவள் பேசிய முதல் வார்த்தை அது. சொல்லும்போதே அவளுடைய கைகள் தளர்ந்தன. அவள் அவற்றைத் தூக்க முடியாமல் தூக்கி முன்னால் நீட்டினாள்.

"கை எச்சிக்கா, குழம்பு" என்று தங்கபுஷ்பம் பின்வாங்கினாள். உண்மையில் பயந்தது குழம்புக்கு இல்லை. "எனக்கு எதுக்கு? நான் என்ன செஞ்சேன்னு எனக்கு?"

"நான் மட்டும் என்ன செஞ்சுட்டு வாங்கினேன்? சும்மா உக்காந்திருந்தேன், வந்துது. பிடிட்டி புஷ்பம்."

குழம்பு வழிந்த கைகளுக்குள் ரஞ்சிதபாய் தன் கைகளை வைத்தாள். அது போயிற்று. தங்கபுஷ்பத்தின் தோள்கள் சட்டென்று இறங்கின.

"யக்கா! இம்புட்டுக் கனமா?"

"கனந்தான். வச்சிருக்க வச்சிருக்கத்தான் கனக்கும். கையில வச்சுக்கிட்டு உக்காராத, அடுத்தவளுக்குக் குடு."

கொடுத்தாள். பந்தியோடு பந்தியாக, சோறு ஒட்டின கைகளிலிருந்து சோறு ஒட்டின கைகளுக்கு, தெற்குத் தெருப் பெண்களிடமும் ஆண்களிடமும், முருங்கை மரத்து அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து பிள்ளைகளுக்கும் அது போய்க்கொண்டேயிருந்தது. ஒவ்வொரு கையிலும் கனம் குறைந்தது. வாங்கினவர்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் தங்கள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தியின் கடைசி இலையில் பேருந்து கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வரிசையும் தெரியாது, வழக்கமும் தெரியாது, பக்கத்தில் இருந்தவர் கொடுத்தார் என்று வாங்கிக்கொண்டார். டிரைவர் முந்தின பந்தியிலேயே சாப்பிட்டுப் போய் ஆரன் அடித்துக்கொண்டிருந்ததால், கூப்பிய கையோடேயே ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறினார். ஐயர் கைநீட்டித் தடுக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, நீட்டின கையை அப்படியே ஆசீர்வாதமாக மாற்றி வழியனுப்பிவைத்தார்.

அது அதற்குப் பின் எந்தெந்த ஊருக்குப் போயிற்று என்பது தோத்திரபுரத்துக்குத் தெரியாது. ஃபிளெக்ஸை என்ன செய்வது என்று சபைக் கமிட்டி கையைப் பிசைந்தபோது வழி சொன்னவள் ரஞ்சிதபாய்தான். இப்போதும் அந்த நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் 'சமாதானம் இந்த ஊர் வழியாகப் போயிற்று' என்று படிக்கலாம். கீழே படத்தில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஆனந்தவிளைக்காரர்கள் கேலி செய்தால், எங்கள் கையைத் தாண்டித்தான் அது உங்களுக்கு வரவேண்டியிருந்தது என்று தோத்திரபுரத்தார் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லுவார்கள்.

ஆனால் அதெல்லாம் பிந்தி நடந்தவை. அன்றைக்குப் பேருந்து புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பிப்போனதும், தங்கபுஷ்பம் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சோற்றுப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். ரஞ்சிதபாய் தன் கையாலேயே பிசைந்து, பெரிய பெரிய கவளமாக உண்டுகொண்டிருந்தாள். ஊரே அவளுக்காகக் காத்திருந்தது, அவள் அவசரப்படவில்லை. தங்கபுஷ்பம் குனிந்து அவள் இலையில் இன்னொரு கை சோறு வைத்தாள், பிறகு மேலும் ஒரு கை, பிறகு மேலும் ஒரு கை. போதும் என்று மறிக்க ரஞ்சிதபாய்க்கு இப்போது இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. அவள் மறிக்கவில்லை.